திருகோணமலையில் கள்ளும் வைனும் காட்டும் வழிகாட்டியாக இருப்பது எப்படி

திராட்சைத் தோட்டமே இல்லாத ஊரில் வைன் வழிகாட்டிக்கு என்ன வேலை என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. நான் உப்புவெளிக்காரன். துபாயில் ஒரு ஹோட்டல் உணவகத்தில் வைன் பரிமாறும் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். இப்போது சீசன் காலத்தில் விருந்தினர்களைக் காலையில் பனைகளுக்கு அடியில் கள்ளுச் சுவைக்கக் கூட்டிப் போகிறேன். மாலையில் ஹோட்டலில் உட்கார்ந்து வைன் சுவைக்க வைக்கிறேன். இந்த வேலைக்கு வர விரும்பும் தம்பி தங்கைகளுக்காக, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வைன் விளையும் நாடுகளில் வழிகாட்டி செய்வது என்ன? முதலில் கொடியைக் காட்டுகிறார், பிறகு மண்ணை, பிறகு அங்கே வேலை செய்கிறவர்களை. கிண்ணம் கடைசியில்தான் கைக்கு வரும். ஜெர்மனி 1935-லேயே தன் திராட்சைக் கிராமங்களை இணைத்து ஒரு வைன் சாலை திறந்தது. பிரான்சின் அல்சாஸ் பகுதி 1953-இல் திறந்தது. நமக்குப் பக்கத்தில் இந்தியாவின் நாசிக்கில், 1999-இல் தொடங்கிய சுலா நிறுவனத்துக்குப் பிறகு, தோட்டம் பார்க்கப் போவதே ஒரு சுற்றுலாவாகிவிட்டது. இங்கே நம்மிடம் பனையும் தென்னையும் இருக்கின்றன. கள்ளும் ஒரு வைன்தான். இனிப்பான சாற்றை ஈஸ்ட் தின்று மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. காய்ச்சி வடிப்பது எதுவும் இல்லை. வைன் நாடுகளில் திராட்சை வருடத்துக்கு ஒரு முறை அறுவடை, பனை ஒரு நாளைக்கு இரண்டு முறை அறுவடை. பிரான்சின் வைன் பகுதியான போர்தோவில் இருந்து வருகிற ஒருவர் இருபது வருடம் பழகிய போத்தலைத் திறந்து பார்த்திருப்பார். காலையில் பிறந்து, பின்னேரம் புளித்து, மறுநாள் வினாகிரியாகப் போகிற ஒரு வைனை அவர் பார்த்திருக்க மாட்டார். அதைக் காட்ட நம்மால் முடியும்.

அனுமதி முதலில்

இலங்கையில் வழிகாட்டியாக வேலை செய்ய, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, இட வழிகாட்டி என்று வகைகள் உண்டு. நம் மாவட்டத்துக்குள் மட்டும் வேலை செய்யப் போகிறவருக்குப் பிரதேச வழிகாட்டி போதும். அப்புறம் ஒன்றைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் மது விற்கிறவர் இல்லை. விற்பதற்குக் கலால் திணைக்கள அனுமதி வேண்டும். ஆகவே கள்ளு என்றால் அனுமதி பெற்ற தவறணை (கள்ளுக்கடை) அல்லது சங்கத்தில் பதிந்த, கள்ளு இறக்கும் சீவல் தொழிலாளி, வைன் என்றால் அனுமதி பெற்ற ஹோட்டல். கடற்கரையில் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு சுவை காட்டாதீர்கள், பொது இடத்தில் குடிப்பது குற்றம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தன் நாட்டில் 18 வயதில் குடிக்கலாம் என்று விருந்தினர் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வைன் படிப்புக்கு, லண்டனில் 1969-இல் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்இடி என்ற அமைப்பின் பாடங்கள் உலகம் முழுக்க மதிப்புள்ளவை. முதல் இரண்டு நிலைகள் வழிகாட்டிக்குத் தாராளமாகப் போதும். சான்றிதழ் ஹோட்டல் மேலாளரிடம் கதவைத் திறக்க உதவும். அதற்குப் பிறகு உதவுவது உங்கள் மூக்கு.

மூக்கைப் பழக்குவது

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஏனென்றால் நம் பிள்ளைகள் பயப்படும் இடம் இதுதான். வைன் புத்தகத்தைத் திறந்தால் பிளாக்பெரி, கூஸ்பெரி, செடார் மரம் என்று இருக்கும். அதில் ஒன்றையும் முகர்ந்து பார்த்ததில்லை, பிறகு நான் எப்படி வைன் பற்றிப் பேசுவது என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

திருகோணமலைச் சந்தைக்குப் போங்கள். கறுவா, கராம்பு, மிளகு, சாதிக்காய், பழப்புளி, கொறுக்காய்ப்புளி, மாசிக் கருவாடு எல்லாவற்றிலும் சிறிது வாங்குங்கள். வீட்டில் மூடியுள்ள சின்னச் சின்னப் போத்தல்களில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து பெயர் சொல்லுங்கள். தினமும் காலையில் தேநீருக்கு முன் செய்யலாம். கண் பார்க்காமல் கராம்பையும் சாதிக்காயையும் பிரிப்பது முதலில் கடினமாக இருக்கும். பிறகு வந்துவிடும்.

இது வெறும் பயிற்சிக்காகச் சொல்வதில்லை. ஓக் பீப்பாயில் கிடந்த சிவப்பு வைனில் கராம்பு வாசம் வரும். ஓக் மரத்திலிருந்து வைனுக்குள் வரும் யூஜினோல் என்ற மணப்பொருள்தான் கராம்பிலும் இருக்கிறது. சிரா வகை வைனில் மிளகு மணக்கும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அந்த மணத்துக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள், கறுப்பு மிளகிலும் அதே பொருள்தான். சோவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை வைனை முகர்ந்தால் கொய்யாவும் கொடித்தோடையும் வரும். கொடித்தோடையில் உள்ள அதே கந்தகச் சேர்மங்கள் அந்த வைனிலும் உள்ளன. ஆக, மாத்தளை மிளகை இடித்துச் சமைத்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சிராவைப் பற்றிப் பேச லண்டன்காரரை விட உரிமை அதிகம் என்பது என் எண்ணம். விருந்தினர் முன்னால் மிளகைக் கையில் நசுக்கிக் கொடுத்து, பிறகு கிண்ணத்தை முகரச் சொல்லுங்கள். முகத்தில் தெரியும் மாற்றத்தைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ரொட்டண்டோன் மணக்கவே மணக்காது. எனவே மேசையில் ஒருவர் "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றால் அவர் கவனிக்கவில்லை என்று அர்த்தமில்லை. "உங்களுக்கு என்ன வருகிறது?" என்று கேட்டு, அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் பதிலைச் சொன்னால் எல்லோரும் அதையே திருப்பிச் சொல்வார்கள், அதோடு சுவைப்பு முடிந்துவிடும். நான் எப்போதும் விருந்தினர்களைப் பேசவிட்டு, கடைசியில்தான் வாயைத் திறப்பேன்.

கெட்ட மணங்களையும் படிக்க வேண்டும். நனைந்த கடதாசி மட்டை மணம் வந்தால் கார்க் கெட்டது. வாடிய அப்பிள், வினாகிரி மணம் வந்தால் காற்று புகுந்துவிட்டது. கார்க் வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் போத்தல் எங்கேயோ வெயிலில் வெந்திருக்கிறது. நம் வெப்பத்தில் இது அடிக்கடி நடக்கக்கூடிய விஷயம், ஆகவே பரிமாறும் முன் போத்தலை நீங்களே முகர்ந்து பாருங்கள். திருகு மூடி போட்ட போத்தல் மலிவானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊர்க் காலநிலைக்கு அதுவே நல்லது.

சீவுகிறவரைச் சந்திக்க வைப்பது

பனங்கள்ளுக் காலம் பெரும்பாலும் தை, மாசியில் தொடங்கி ஆடி வரை ஓடும். நம் சுற்றுலா சீசன் ஏப்ரல் முடிவிலிருந்து செப்டெம்பர் வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் அந்தச் சில மாதங்கள்தான் உங்கள் தங்கக் காலம். பனை ஓய்ந்த பிறகு தென்னங்கள்ளு இருக்கிறது, அது வருடம் முழுக்கக் கிடைக்கும்.

நான் போவது நிலாவெளியைத் தாண்டி குச்சவெளிப் பக்கம். அதிகாலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் சீவல் முடிந்திருக்கும், சாறு சேரும் முட்டிப் பானையில் நுரை பொங்கிக்கொண்டிருக்கும். மரத்துக்கு அடியில் நின்று விருந்தினருக்குச் சொல்ல வேண்டியவை இவை. பனையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. இரண்டிலும் கள்ளு இறக்கலாம். விரியாத பாளையைக் கட்டி, பக்குவமாக நசுக்கி, நுனியை மெல்லிய தோலாகச் சீவினால் சாறு சொட்டும். காலையும் மாலையும் ஏறி, புதிதாகச் சீவினால்தான் சொட்டு நிற்காது. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காமல் கருப்பணியாக இறங்கும். சுண்ணாம்பு இல்லாவிட்டால், முட்டியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஈஸ்ட், மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். கீழே இறங்கும்போதே அது கள்ளு.

இங்கே ஒரு சுவைப்பு செய்யுங்கள், அதுவே போதும், விருந்தினர் வருடக்கணக்காக நினைத்திருப்பார். முதலில் கருப்பணி. பிறகு இப்போதே இறக்கிய கள்ளு. பிறகு முதல் நாள் பின்னேரம் இறக்கி வைத்தது. மூன்றும் ஒரே பனையின் சாறு. முதலாவதில் இனிப்பு, இரண்டாவதில் இனிப்பும் புளிப்பும் நாக்கில் குத்தும் வாயுவும், மூன்றாவதில் இனிப்பு போய்ப் புளிப்பும் மதுசாரமும். வைன் பாதாள அறையில் மாதக்கணக்கில் நடப்பதை ஒரு நாளுக்குள் சுவைத்துப் பார்த்துவிட்டார்கள். பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றிக் கொடுங்கள். கண்ணாடிக் கிண்ணம் இங்கே வேண்டாம்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பது. நம் சமூகம் கள்ளை விரும்பிக் குடித்துவிட்டு, அதை இறக்கியவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய சமூகம். இந்த வேலையில் அந்தப் பழக்கத்துக்கு இடமே இல்லை. பிரான்சின் பர்கண்டியில் வைன் செய்கிறவர் தன் பெயரைப் போத்தலில் போடுகிறார், விருந்தினர் அவரோடு கைகுலுக்க வரிசையில் நிற்கிறார்கள். நம் சீவல் தொழிலாளிக்கும் அதே இடம் வேண்டும். விருந்தினரிடம் "இந்த வைனைச் செய்கிறவர் இவர்தான்" என்று அறிமுகப்படுத்துங்கள். நீங்கள் அவரை "அண்ணை" என்றோ "ஐயா" என்றோதான் கூப்பிட வேண்டும். மரம் ஏறும்போது படம் எடுக்கலாமா என்று அவரிடம் முன்பே கேளுங்கள். விலை பேசி இழுக்காதீர்கள். குடித்த கள்ளுக்குத் தனியாகவும், அவர் செலவழித்த நேரத்துக்குத் தனியாகவும் காசு கொடுங்கள், அதையும் விருந்தினர் முன் வெளிப்படையாகக் கொடுங்கள். அவரைப் பேசவிடுங்கள், நீங்கள் மொழிபெயர்த்தால் போதும். நான் போகும் இடத்து அண்ணை ஒரு முறை சொன்னார்: "தம்பி, முட்டியை ஒழுங்காகக் கழுவாவிட்டால் கள்ளு காட்டிக்கொடுத்துவிடும்." பாதாள அறையில் பீப்பாய் கழுவுகிற எந்த வைன்காரரும் இதற்குத் தலையாட்டுவார்.

மாலை மேசை

வைன் மேசைக்கு நான்கு வகை போதும். ஆறு எட்டு என்று அடுக்கினால் கடைசியில் யாருக்கும் ஒன்றும் நினைவில் நிற்காது. ஆளும் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரு போத்தலைச் சுவைக்கும் அளவில் ஊற்றினால் எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள், முதலில் நீங்களே துப்பிக் காட்டுங்கள். அப்போதுதான் மற்றவர்கள் கூச்சப்படாமல் துப்புவார்கள்.

வெப்பம்தான் நம் பெரிய எதிரி. சிவப்பு வைனை "அறை வெப்பத்தில்" கொடு என்று புத்தகம் சொல்லும். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது, அதன் வெப்பம் 16 முதல் 18 பாகை. உப்புவெளியில் ஜூன் மாதப் பின்னேரம் 30-க்கு மேல் நிற்கும். அந்தச் சூட்டில் சிவப்பு வைன் மருந்து மாதிரி மதுசாரம் மட்டும் அடிக்கும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள், ஹோட்டல்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. வெள்ளை வைன் 8 முதல் 12 பாகை. கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றி, அடிக்கடி ஊற்றுங்கள்.

சாப்பாடு சேரும்போதுதான் இந்த ஊர் வைனுக்குள் வருகிறது. மிளகாய்க் காரத்தை மதுசாரம் கூட்டிக் காட்டும், துவர்ப்பைத் தரும் டானின் அதிகமுள்ள சிவப்பு கசக்கும். நண்டுக் கறிக்குக் கனமான சிவப்பைக் கொடுத்தால் இரண்டும் கெட்டுப்போகும். சிறிது இனிப்பு மிஞ்சிய, மதுசாரம் குறைந்த ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் கொடுங்கள். புளி விட்ட மீன் குழம்புக்கு, குழம்பை விடப் புளிப்புக் குறைந்த வைன் தட்டையாகிவிடும், ஆகவே சோவிஞோன் பிளாங்க். தேங்காய்ப்பால் சொதிக்கு ஓக்கில் கிடந்த ஷார்டொனே என்ற வெள்ளை வைன் நன்றாகப் போகும். கணவாய்ப் பொரியலுக்கு நுரைக்கும் வைன் எதுவானாலும் சரி. சூரை மாதிரி எண்ணெய் மீனோடு சிவப்பு வைன் சேர்ந்தால் வாயில் இரும்புச் சுவை வரும், தவிர்த்துவிடுங்கள்.

கடைசியில் சில துளி தென்னஞ் சாராயம். நம் ஊருக்கு அதில் ஒரு பங்கு இருக்கிறது. இலங்கைச் சாராயம் பழக வைக்கும் பெரிய தொட்டிகளை ஹல்மில்ல மரத்தில் செய்வார்கள். ஆங்கிலேயர் காலத்து மர வியாபாரத்தில் அந்த மரத்துக்குத் திருகோணமலை மரம் என்றே பெயர். இங்கிருந்து போன மரத்தில்தான் சென்னைக் கரையின் மசூலாப் படகுகளும் கட்டப்பட்டன. பிரான்சுக்கு ஓக் எப்படியோ, நமக்கு இது. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் நெஞ்சு நிமிரும்.

ஒருவராவது கேட்பார்: இங்கே ஏன் திராட்சைத் தோட்டம் இல்லை? பதில் தயாராக இருக்கட்டும். குளிர்நாட்டில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் உறங்கி எழும். நம் வெப்பத்தில் அது உறங்காது, எப்போது வெட்டிவிடுகிறோமோ அதற்கேற்பக் காய்க்கும். நாசிக்கில் வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து ஒரு முறை அறுவடை எடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை வருடத்தில் பல முறை விளைகிறது. யாழ்ப்பாணத்திலும் திராட்சை உண்டு, பெரும்பாலும் சாப்பிடும் பழமாக விற்கப்படுகிறது. தமிழர்களுக்கு வைன் புதிது என்று விருந்தினர் நினைத்தால், யவனர் கப்பலில் வந்த தேறலை, அதாவது மதுவை, சங்கப் பாடல் பாடியிருப்பதையும், புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டு மண்ணில் ரோமானிய வைன் சாடிகளின் துண்டுகள் கிடைத்ததையும் சொல்லுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

பௌர்ணமி தினங்களில் நாடு முழுக்க மது விற்பனை இல்லை. ஒக்டோபர் 3 மது ஒழிப்பு நாளிலும் இல்லை. முன்பதிவை ஏற்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

கடல் முதலில், கிண்ணம் பிறகு. புறாமலைத் தீவுக்கு நீந்தப் போவது காலையிலென்றால் அன்றைக்குச் சுவைப்பு மாலையில்தான். கள்ளுக் குடித்தவரைக் கடலில் இறங்க விடாதீர்கள், கெஞ்சினாலும் விடாதீர்கள். கள்ளுக் காலையை வேறொரு நாளில் வையுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் நாளில் கோயிலை முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம், வாயில் மது வாசத்தோடு சுவாமி மலை ஏறக் கூடாது. முஸ்லிம்கள் நிறைய வாழும் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போகும்போது வண்டியில் போத்தல் வேண்டாம். ஓட்டுநர் முஸ்லிம் என்றால் இந்தப் பயணத்துக்கு வரச் சம்மதமா என்று முன்பே கேட்பதுதான் மரியாதை. குடிக்காத விருந்தினருக்கு இளநீரோ கருப்பணியோ அதே அழகான கிண்ணத்தில் வையுங்கள், அவரும் முகர்ந்து பேசட்டும்.

கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தினால் சிதைந்த வீடுகள் நம் கிராமங்களில் எத்தனையோ. விருந்தினர் கூட்டம் கிண்ணத்தோடு சிரிப்பதை அந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்து நிற்கக் கூடாது. குடியிருப்புகளை விட்டுத் தள்ளியிருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், சத்தத்தை அடக்குங்கள். அளவுக்கு மீறுகிறவருக்கு அடுத்த கிண்ணத்தை நிறுத்தும் துணிவு இல்லாதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

மழைக் காலத்தில்

ஒக்டோபர் முடிந்து வாடைக் காற்று தொடங்கினால் நிலாவெளி வெறிச்சோடிவிடும். அப்போதுதான் படிக்க நேரம். நாசிக்கின் அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை, நம் சீசன் தொடங்குவதற்குச் சரியாக முன்னால். காசு சேர்த்து ஒரு முறை போய் வாருங்கள். அங்கே வழிகாட்டி பேசுவதைக் கேட்பதோடு, அவர் எங்கே பேச்சை நிறுத்துகிறார், எப்போது கிண்ணத்தைக் கையில் கொடுக்கிறார், கேள்வி கேட்காத விருந்தினரை எப்படிப் பேச வைக்கிறார் என்று பாருங்கள். திரும்பி வந்ததும் குச்சவெளிக்குப் போய், மாசியில் எந்தெந்த மரத்தில் பாளை கட்டப் போகிறார்கள் என்று அண்ணைமாரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் முதல் விருந்தினர் வந்து இறங்கும்போது அந்தக் குறிப்பு கையில் இருக்க வேண்டும்.